வெள்ளரித் தயிர் சாலட் பந்திக்கு வருவதற்குள் தண்ணீராகிறது, என்ன செய்யலாம்?

செம்பனைவீடு | திங்கள், இரவு 9.20

வணக்கம். நான் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. 2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. வீட்டைச் சுற்றிச் செம்பனை. மோட்டோவில் பத்து நிமிடம் போனால் அஞ்சடிக் கடைத்தெரு. இங்கே கிடைக்கிற பொருளை வைத்துச் செய்கிற மாதிரி யோசனை வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மகனின் பிறந்தநாள். பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்க வெள்ளரிக்காய் சாலட் செய்தேன், தயிர் சேர்த்துச் செய்வார்களே, அந்த வெள்ளை சாலட். மாலை நான்கு மணிக்குக் கலந்து மூடி வைத்தபோது பார்க்க அவ்வளவு அழகு. கரண்டியில் அள்ளினால் விழாமல் நின்றது. ஏழரைக்கு மூடியைத் திறந்தால் மங்கு (கிண்ணம்) நிறைய வெளிறிய தண்ணீர். துண்டுகள் அதில் மிதக்கின்றன, தயிர் எங்கே போனதென்றே தெரியவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள், இரண்டாவது தடவை யாரும் எடுக்கவில்லை. பிரியாணியும் நனைந்துவிட்டது.

செய்த முறை இதுதான். பசாரில் வாங்கிய பெரிய தீமூன் (வெள்ளரி) 3, தோலோடு வட்ட வட்டமாக. கடைத் தயிர் இரண்டு டப்பா. வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு, லிமாவ் (எலுமிச்சை) சாறு, ஒரு கரண்டி சீனி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலந்தேன்.

இன்னும் மூன்று வாரத்தில் மாமனார் மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம். பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) 60 பேருக்குச் சாப்பாடு, முழுக்கச் சைவம். மாமனாருக்குப் பல் சரியில்லை. கடிக்கச் சிரமமில்லாமல் குளுகுளுவென்று இருப்பதால் இந்த சாலட் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "அன்றைக்கு அது இருக்கட்டும்மா" என்று அவரே கேட்டார். அவர் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அதனால்தான் இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

பந்திக்காரன் | திங்கள், இரவு 9.48

தங்கச்சி, நான் கோலசிலாங்கூர் பக்கம் விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறவன். ஒரே வழி மயோனைஸ். ஒரு கப் தயிருக்கு மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ் போட்டு அடித்துக் கலந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் தாங்கும்.

செம்பனைவீடு | திங்கள், இரவு 9.55

நன்றி அண்ணே. ஆனால் மயோனைஸில் முட்டை உண்டே. அன்றைக்கு முட்டை கூடாது.

பந்திக்காரன் | திங்கள், இரவு 10.02

சைவம் என்று எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். முட்டையில்லாத மயோனைஸும் பெரிய கடைகளில் இருக்கிறது. ஆனால் விலை கூட, இனிப்பும் தூக்கலாக இருக்கும். வேறு யாராவது சொல்லட்டும்.

உணவறிவியல்தம்பி | திங்கள், இரவு 11.30

அக்கா, உங்கள் மங்கில் இரண்டு இடத்திலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அடைத்தால்தான் வேலை ஆகும்.

முதல் இடம் வெள்ளரிக்காய். அதன் எடையில் 95 விழுக்காடு தண்ணீர்தான். வெட்டிய துண்டில் உப்பு பட்டதும் உள்ளே இருக்கிற தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்திருப்போம், அதேதான். சீனியும் இதே வேலையைச் செய்யும். வெங்காயமும் தன் பங்குக்கு நீர் விடும். நீங்கள் நான்கு மணிக்கே உப்பும் சீனியும் போட்டுக் கலந்துவிட்டீர்கள். மூன்றரை மணி நேரமும் வெள்ளரி தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது இடம் தயிர். தயிர் என்பது பால் புரதம் வலை மாதிரி பின்னி, அதற்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பொருள். கரண்டியால் ஓங்கி அடித்தால் வலை அறுந்து தண்ணீர் பிரியும். டப்பாத் தயிரை ஒரு பக்கம் தோண்டி எடுத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அந்தக் குழியில் மஞ்சள் கலந்த நீர் நிற்குமே, அதுதான் இது.

ஆகவே சாலட் கலப்பதற்கு முன்பே வெள்ளரியின் தண்ணீரை உப்பை வைத்தே வெளியே எடுத்துவிட வேண்டும். தயிரின் தண்ணீரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்தால் விடுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது.

அளவு: அரை கிலோ வெள்ளரிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 5 கிராம். பிசறி ஓட்டைக் கூடையில் போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, அரை மணி நேரம். பிறகு கையால் பிழிய வேண்டும்.

இன்னொன்று, வெள்ளரியை மாற்றுங்கள். பசாரில் கிடைக்கிற பருத்த தீமூனில் விதைப் பகுதி கொழகொழவென்று இருக்கும், தண்ணீர் அதிகமாக இருப்பதும் அங்கேதான். ஒல்லியாக, கரும்பச்சையாக ஜப்பான் வெள்ளரி என்று விற்பார்கள், அதில் விதை குறைவு, தோலும் மெல்லியது. பெரியதுதான் கிடைக்கிறதென்றால் நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியால் விதையை ஒரே இழுப்பில் வழித்து எடுத்துவிட்டுப் பிறைபோல வெட்டுங்கள். 3 மில்லிமீட்டர் கனம் போதும். அதைவிட மெல்லியதாக வெட்டினால் பிழியும்போது கசங்கிவிடும்.

பழையலயம் | செவ்வாய், காலை 6.10

மகளே, இந்தத் தம்பி எழுதியிருப்பதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு 68 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்போது கித்தா (ரப்பர்) மரம்தான். காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) இருட்டோடு போனால், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டிருப்போம். வெள்ளரிக் கொடி எங்களுடையது. வேலியில் ஏறி ஆயாக் கொட்டகைப் பக்கம் வரைக்கும் போய்விடும், காய்க்கத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தும் தீராது.

அம்மா செய்வது தயிர்ப் பச்சடி. அரிந்த வெள்ளரியில் உப்பைத் தூவிப் பிசறி, கோதுமை மாவு மூட்டைத் துணியில் கொட்டுவார். அந்தத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துத் துவைத்துப் பட்டுமாதிரி வைத்திருப்பார். நாலு முனையையும் சேர்த்து முறுக்கி, சாய்வாக நிறுத்தி வைத்த பலகையில் மூட்டையை வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார். குழவியின் பாரத்தில் தண்ணீர் பலகை வழியாக இறங்கி, ஓரத்தில் வைத்த மங்கில் சொட்டும். அந்த உப்புத் தண்ணீரில் லிமாவ் பிழிந்து எங்களுக்கு ஆளுக்கு ஒரு மடக்கு கொடுப்பார். வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்து குடித்தால் அப்படி ஓர் இதம்.

குழவி இறங்கியதும் துணியைப் பிரித்தால் துண்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடை மாதிரி இருக்கும். விரலால் உதிர்ப்பார். கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். பிழிந்தால் துவண்டு போகும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் போன வெள்ளரிக்குத்தான் அந்த நறுக்கு வரும்.

எங்களிடம் ஐஸ்பெட்டி இல்லை. ஆனால் பச்சடி தண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை. சாப்பிட உட்காரும்போதுதான் தயிர் சேர்ப்பார். அதையும் சொல்லத்தான் எழுதினேன்.

செம்பனைவீடு | செவ்வாய், காலை 7.05

அம்மா, படித்துக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் குழவி இருக்கிறது, வாசலில் சும்மாதான் கிடக்கிறது. கழுவி எடுக்கப் போகிறேன்.

புதுமருமகள் | செவ்வாய், காலை 8.40

ஒரு சந்தேகம். எனக்குச் சில நேரம் வெள்ளரி கசந்துவிடுகிறது. நுனியை வெட்டி அந்தத் துண்டாலேயே தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போகும் என்று அத்தை சொல்கிறார். உண்மையா?

உணவறிவியல்தம்பி | செவ்வாய், மதியம் 1.15

கசப்புக்குக் காரணம் குக்குர்பிடாசின் என்கிற பொருள். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அது அதிகம். செடி தண்ணீர் இல்லாமல் வாடினால் கூடும். தேய்ப்பதால் காய் முழுவதிலும் இருக்கிற கசப்பு போய்விடாது. ஆனால் அத்தை நுனியை வெட்டுகிறார் பாருங்கள், அதனால் நிச்சயம் பலன் உண்டு. காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டிப் போட்டுவிட்டு, அடுத்த துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தால் தோலைக் கொஞ்சம் கனமாகச் சீவுங்கள். கடுங்கசப்பாக இருந்தால் சமைக்காமல் எறிந்துவிடுங்கள், அது வயிற்றைக் கெடுக்கும். 60 பேருக்குச் செய்யும்போது ஒவ்வொரு காயையும் ருசி பார்க்க வேண்டும் அக்கா. ஒரு கசப்புக் காய் உள்ளே போனாலும் மொத்த மங்கும் வீண்.

பால்காரர்மகன் | செவ்வாய், இரவு 8.30

தயிரைப் பற்றி நான் சொல்கிறேன். பீடோரில் அப்பா நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் ஊற்றினார். செம்பனைக்கு நடுவில் மேய்கிற மாடுகள். இப்போது என்னிடம் ஆறு மாடு இருக்கிறது.

அக்கா, கடைத் தயிரை வடித்தாலும் சரிதான், ஆனால் 60 பேருக்கு என்றால் வீட்டில் தோய்ப்பதே நல்லது. செலவும் குறையும், கெட்டியும் நம் கையில் இருக்கும். பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். 85 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றால்தான் பாலில் உள்ள மற்ற புரதமும் சேர்ந்து பிடித்துத் தயிர் இறுகும். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்மாவு கரைத்துச் சேர்த்தால் இன்னும் கெட்டி. சுண்டுவிரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது, அந்தப் பதத்தில் உறை ஊற்றுங்கள். 40, 45 டிகிரி என்று சொல்வார்கள்.

நம் ஊர் வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இரவு உறை ஊற்றிவிட்டுத் தூங்கிவிடுவார்கள், காலையில் பார்த்தால் புளித்துத் தண்ணீர் மேலே நிற்கும். காலையில் உறை ஊற்றுங்கள். மதியம் சட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் ஆடாமல் நின்றால் உடனே ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஓர் இரவு குளிர்ந்தால் இறுகும். மறுநாள் துணியில் கொட்டிக் கட்டி, ஐஸ்பெட்டிக்குள்ளேயே ஓட்டைக் கூடையில் நான்கு மணி நேரம். வெளியே குழாயில் தொங்கவிட்டால் இந்தச் சூட்டுக்குப் புளிப்பு ஏறிவிடும்.

ஒரு கிலோ தயிர் வடிந்தால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தாலும் விழக்கூடாது.

ரவாங்அம்மா | செவ்வாய், இரவு 9.10

எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது நம் தயிர்ப் பச்சடிதானே? எதற்கு சாலட் என்று சொல்ல வேண்டும்? நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததற்கு வெள்ளைக்காரப் பெயர் வைத்தால்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிராணிபேத்தி | செவ்வாய், இரவு 10.25

அக்கா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். பச்சடிக்குக் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்துக் கொட்டுகிறோம், சோற்றில் பிசைந்து சாப்பிடத் தளர்வாக இருந்தால்தான் நல்லது. எங்கள் தாத்தா பகாவ் பக்கம் தோட்டத்துக் கிராணி (கணக்கர்), மலையாளி. பாட்டி ஓணத்துக்கு வெள்ளரிக்காய்க் கிச்சடி வைப்பார். தேங்காயும் கடுகும் பச்சையாக அரைத்து, வெந்த வெள்ளரியில் தயிரோடு சேர்ப்பது. கடுகின் காரம் மூக்கில் ஏறும். அது வேறு ருசி.

இந்தக் கெட்டி சாலட்டுக்குப் பிறந்த வீடு வேறு. கிரேக்கர்களின் த்ஸாத்ஸீகி வடித்த தயிர், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்தது. துருக்கியில் ஜாஜிக், கொஞ்சம் தண்ணீராகக் கூடக் குடிப்பார்கள். ஈரானில் உலர்ந்த புதினா போடுவார்கள், சிலர் திராட்சையும் அக்ரூட்டும் சேர்ப்பார்கள். போலந்தில் வெள்ளரியை வட்டமாக அரிந்து, புளித்த கிரீமும் சதகுப்பைத் தழையும் சேர்ப்பது மிசேரியா. வெள்ளரியும் தயிரும் சேரும் என்பதை இத்தனை ஊரும் கண்டுகொண்டிருக்கிறது. நம் பச்சடியும் அந்தக் குடும்பத்தில் ஒன்று. அதனால் பிள்ளைகளுக்கு இரண்டையும் கொடுப்போம், இரண்டின் பெயரையும் சொல்லிக் கொடுப்போம்.

ரவாங்அம்மா | செவ்வாய், இரவு 10.50

சரி, ஏற்றுக்கொள்கிறேன். பச்சடி என்ற பெயர் வீட்டில் புழங்கினால் போதும்.

சரி, ஒரு முக்கியமான விஷயம். கடைத் தயிர் வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிலவற்றில் இறுகுவதற்கு ஜெலட்டின் சேர்த்திருப்பார்கள். ஹலால் முத்திரை இருக்கிறதே என்று நாம் எடுத்துவிடுகிறோம். ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. சைவ விருந்துக்கும், மாட்டிறைச்சி தொடாத குடும்பத்துக்கும் அது ஆகாது. பால், தயிர்க் கிருமி, இவை மட்டும் போட்டிருக்கிற டப்பாவை எடுங்கள்.

செம்பனைவீடு | செவ்வாய், இரவு 11.05

ஐயோ, இது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போதே போய் என் டப்பாவைப் பார்க்கிறேன்.

…பார்த்தேன். அதில் ஜெலட்டின் இல்லை. நிம்மதி.

செம்பனைவீடு | ஞாயிறு, மாலை 5.30

முதல் ஒத்திகை முடிந்தது. ஜப்பான் வெள்ளரி அரை கிலோ, அளந்து ஒரு தேக்கரண்டி உப்பு. பிசறிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் வேர்வை மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. பத்து நிமிடத்தில் தட்டில் சொட்டும் சத்தம். அரை மணியில் தட்டு நிறைந்துவிட்டது. அப்புறம் துணியில் கட்டிக் குழவியை ஏற்றினேன், இன்னும் அரை கிளாஸ் இறங்கியது. இவ்வளவும் அன்றைக்கு மங்குக்குள்தான் இருந்திருக்கிறது!

தயிர் வீட்டில் தோய்த்தது, தம்பி சொன்ன மாதிரியே. கெட்டி என்றால் அப்படிக் கெட்டி, கத்தியால் வெட்டலாம்.

கலந்து மூன்று மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்தேன். தண்ணீர் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆனால் இரண்டு குறை. உப்பு கரித்தது. மாமனாருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, இந்த உப்பு அவருக்கு ஆகாது. அடுத்தது, பூண்டு வாயைச் சுட்டது. கலந்தபோது அவ்வளவு இல்லை, நேரம் போகப் போகத்தான் ஏறியது.

உணவறிவியல்தம்பி | ஞாயிறு, இரவு 7.00

தயிரில் தனியாக உப்பு போட்டீர்களா அக்கா? போடக்கூடாது, வெள்ளரியில் ஒட்டியிருப்பதே போதும். மாமனாருக்காக என்றால், அரை மணி ஆனதும் வெள்ளரியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசி எடுத்து, பிறகு பிழியுங்கள். ஊறவிடாதீர்கள், விட்டால் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கிற உப்பில் பெரும்பகுதி போய்விடும். அவருடைய பங்கை உப்பே தொடாமல் தனியாகவும் செய்யலாம். விதை வழித்த வெள்ளரி, வடித்த தயிர், சாப்பிடும்போது கலந்தால் போதும்.

பூண்டைப் பச்சையாக நசுக்கியதும் காரம் பிறக்கிறது. நசுக்கிய பூண்டை லிமாவ் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டுச் சேர்த்தால் அந்தக் காரம் மட்டுப்படும். அரை கிலோவுக்கு அரைப் பல் போதும்.

பழையலயம் | ஞாயிறு, இரவு 8.15

வயதானவர்களுக்குப் பூண்டே வேண்டாம் மகளே. இஞ்சியைத் துருவி, சாற்றை மட்டும் இரண்டு சொட்டு விடு. புதினாவைக் கடைசியில் கையால் கிள்ளிப் போடு. கத்தி பட்டால் கறுத்துப் போகும்.

பந்திக்காரன் | திங்கள், காலை 10.20

தங்கச்சி, போன தடவை தப்பான யோசனை சொல்லிவிட்டேன், இந்தத் தடவை என் தொழில் கணக்கைச் சொல்கிறேன். பந்தியில் ஆளுக்கு 60 கிராம் சாலட் போகும். 60 பேருக்கு 3 கிலோ 600. வெள்ளரி 4 கிலோ வாங்குங்கள். நுனி, விதை, தண்ணீர் எல்லாம் போய் இரண்டரை கிலோ நிற்கும். வடித்த தயிர் ஒன்றரை கிலோ வேண்டும், அதற்கு 3 லிட்டர் பால் தோயுங்கள். சின்ன வெங்காயம் கால் கிலோ, மெல்லியதாக அரிந்து அதையும் ஒரு சிட்டிகை உப்பில் பிசறிப் பிழியுங்கள். லிமாவ் ஆறு. மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி. உப்பு 4 கிலோவுக்கு 40 கிராம், பிசறுவதற்கு மட்டும். அலசினால் கடைசியில் ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் சூடுதான் பெரிய எதிரி. பாலாய் ராயாவில் மின்விசிறிதானே இருக்கும். தயிர் சேர்ந்த எதையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, கொளுத்துகிற மத்தியானம் என்றால் ஒரு மணி நேரம்தான். நான் செய்வது இது: வெள்ளரியைத் தனி டப்பாவில், தயிரைத் தனி டப்பாவில், ஐஸ் போட்ட நுரைப்பெட்டிக்குள் கொண்டுபோவேன். பந்தி போட கால் மணி நேரத்துக்கு முன் பாதியை மட்டும் கலப்பேன். இரண்டாம் பந்திக்கு மீதி. பெரிய மங்கில் ஐஸைக் கொட்டி, அதற்குள் சின்ன மங்கை இறக்கி வைத்துப் பரிமாறுங்கள்.

கலக்கும்போது அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். அடிக்காதீர்கள்.

புதுமருமகள் | திங்கள், காலை 11.00

அன்னாசியும் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக இருக்குமா? பிள்ளைகளுக்குப் பிடிக்குமே.

உணவறிவியல்தம்பி | திங்கள், மதியம் 12.40

பச்சை அன்னாசியைத் தயிரில் போடாதீர்கள். அதில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, பால் புரதத்தை வெட்டிவிடும். அரை மணியில் தயிர் இளகிக் கசக்கத் தொடங்கும். அன்னாசிப் பச்சடிக்கு அன்னாசியை முதலில் வேகவைக்கிறார்களே, அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். வேகவைத்து ஆறவிட்டுப் போட்டால் பயமில்லை. ஆனால் இந்த சாலட்டுக்கு வேண்டாம், வெள்ளரியின் குளிர்ச்சியை அது மூடிவிடும்.

செம்பனைவீடு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. அறுபதாம் கல்யாணம் இன்று நல்லபடியாக முடிந்தது. கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதாமல் தூங்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்று லிட்டர் பாலுக்கு உறை ஊற்றினேன். மதியம் ஒன்றரைக்குச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன், ஓரம் ஆடவில்லை, ஐஸ்பெட்டிக்குள் போய்விட்டது. சனிக்கிழமை மாலை வடித்தேன். வெள்ளரி 4 கிலோவையும் இன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நானும் நாத்தனாரும் நறுக்கினோம். ஒவ்வொரு காயையும் நாக்கில் வைத்துப் பார்த்தோம். இரண்டு காய் கசந்தன, எறிந்துவிட்டோம். அந்த இரண்டும் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

குழவி ஒன்று போதவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று வாங்கி வந்தோம். அடுக்களைத் திண்டில் பலகையைச் சாய்த்து, இரண்டு மூட்டை, இரண்டு குழவி. மாமியார் தலைக்குக் குளித்துவிட்டுப் புடவை கட்ட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "எங்க அம்மாவும் இப்படித்தான் வைக்கும்" என்று சொல்லி, மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. பழைய லயத்து அம்மா, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்தில் பந்திக்கார அண்ணன் சொன்னபடியே ஐஸ் மங்கு, பாதிப் பாதியாகக் கலந்தோம். முதல் பந்தி பன்னிரண்டே காலுக்கு. சாலட் இலையில் வைத்த இடத்தில் குன்று மாதிரி நின்றது, சாதத்துப் பக்கம் ஒரு சொட்டு ஓடவில்லை. இரண்டாம் பந்தியில் கடைசி வரிசைக்குக் கரண்டி அளவைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது. ஆளுக்கு 60 கிராம் என்றது மற்றவர்களுக்குச் சரிதான் அண்ணே, எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். அடுத்த முறை 5 கிலோ போடுவேன்.

மாமனாருக்கு உப்பில்லாமல் தனிக் கிண்ணம். பூண்டு கிடையாது, இஞ்சிச் சாறு இரண்டு சொட்டு, புதினா. மாலை கழற்றாமலே உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

பால்காரர்மகன் | ஞாயிறு, இரவு 10.40

வாழ்த்துகள் அக்கா, பெரியவர்களுக்கு என் வணக்கம். வடித்த தயிர்த் தண்ணீரைக் கொட்டிவிடவில்லையே?

செம்பனைவீடு | ஞாயிறு, இரவு 10.52

இல்லை தம்பி, இரண்டு பாட்டிலில் இருக்கிறது. கொஞ்சத்தில் காலையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன், மெத்தென்று வந்தது. மீதிக்கு என்ன செய்யலாம்?

பால்காரர்மகன் | ஞாயிறு, இரவு 10.58

ரசத்துக்குப் புளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதை ஊற்றுங்கள். கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். ஐஸ்பெட்டியில் நான்கைந்து நாள் இருக்கும்.

பழையலயம் | திங்கள், காலை 6.05

மகளே, உன் மாமியாரிடம் கேட்டுச் சொல், அவர் அம்மா எந்தத் தோட்டம்?

செம்பனைவீடு | திங்கள், காலை 7.20

கேட்டேன் அம்மா. இப்போது அடுக்களையில்தான் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம்தானாம். தோட்டத்தின் பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன்.